ஏசுறதுக்கு ஆள் இருக்கணும்

பிந்துலு, சரவாக், மலேசியா
28.1.2024

அன்புள்ள மாரிக்கனி அக்காவுக்கும் சமுத்திரம் அத்தானுக்கும்,

தம்பி மலைச்சாமி எழுதுறேன். எனக்கு உடம்புக்குக் குறை ஒண்ணும் இல்லை. வன்னியம்பட்டியில நீங்க ரெண்டு பேரும் அதே மாதிரி இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவை எடுத்தேன்.

போன் பண்ணலைன்னு ஏசாதக்கா. இது நடுக்காடு, டவர் கிடையாது. மாசத்துக்கு ஒருக்கா சாமான் லாரியில டவுனுக்குப் போனா பேசலாம். அங்கயும் "சாப்ட்டியா, சாப்ட்டேன்" அம்புட்டுதான், அதுக்குள்ள லாரிக்காரன் ஹாரன் அடிச்சிருவான். அத்தானுக்கு வேற போன்ல ஒண்ணும் விளங்க மாட்டேங்குது. அதனால எழுதி டிரைவர்ட்ட குடுத்து விடுறேன். மூணு வாரத்துல வந்து சேரும்னு சொல்றாங்க.

டிரெய்னிங் முடிஞ்சிருச்சு. இங்க மரம் வெட்டுறது நம்ம வேலை மாதிரியே இல்லை. நம்ம ஊர்ல அத்தான் மெஷின் வாளைத் தூக்கிக்கிட்டு மரத்தடியில குனிவாக, தங்கமாடன் அண்ணன் கயித்தைப் பிடிப்பாரு, நான் டிராக்டர்ல கட்டி இழுத்து ரோட்டுக்குக் கொண்டாருவேன், நீங்க பொம்பளையாளுக உக்காந்து பட்டை உரிப்பீங்க. இங்க அம்புட்டையும் ஒரே வண்டி பாக்குது. பாக்க பொக்லைன் மாதிரி இருக்கும். பக்கெட் இருக்கிற இடத்துல நண்டுக் கொடுக்கு மாதிரி ஒண்ணு. அது மரத்தை இடுப்புல பிடிக்கும், அடியில அறுக்கும், அறுத்த பொறவும் விடாது. அப்படியே சாய்ச்சு, கிளையைக் கழிச்சு, பட்டையை உருவி, துண்டு போட்டு அடுக்கிரும். அத்தான் ஒரு பீடி குடிச்சு முடிக்கதுக்குள்ள மரம் கட்டையாயிரும். நான் ஏசி போட்ட கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து ரெண்டு குச்சியை ஆட்டணும், அவ்வளவுதான். தூசி கிடையாது. கண்ணுல மரத்தூள் விழாது.

என் டிராக்டரை இப்ப நம்ம கூட்டத்து விக்னேஸ்வரன் ஓட்டுறான்னு நீ போன்ல சொன்ன. கிளட்ச் டைட்டா இருக்கும், மெதுவா விடச் சொல்லு. அவசரக்காரப் பய.

அத்தான் காதை ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா? எழுது.

பிரியமுள்ள தம்பி,
மலைச்சாமி



வன்னியம்பட்டி
24.2.2024

என் தம்பி மலைச்சாமிக்கு,

உன் லெட்டர் வந்த அன்னைக்கு உன் அத்தானுக்கு ரெண்டு தரம் சத்தம் போட்டு வாசிச்சேன், தெருவே கேட்டுச்சு. நாங்க இருக்கோம், ஒரு குறையுமில்லை. நீ அங்க வேளாவேளைக்குச் சாப்பிடு, அது போதும் எனக்கு.

அவிய காதைக் காட்டுனோம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா இது மெஷின் சத்தத்துல போன காது, திரும்ப வராதுன்னுட்டாக. கையையும் காட்டச் சொன்னேன். காலையில எந்திரிச்சா விரல் நுனியெல்லாம் வெள்ளையாப் போயி மரத்துக் கிடக்கு. சட்டைப் பட்டனை நான்தான் மாட்டி விடுறேன். அதுவும் மெஷின் அதிர்ச்சியாம். "மெஷினைத் தொடாதீங்க"ன்னாக. "தொடாம?"ன்னு இவிய திருப்பிக் கேட்டாக. டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டாக.

இன்னொரு சேதி. ராஜபாளையத்துல இருந்து மர டிப்போ சுயம்புலிங்கம் மொதலாளி வந்திருந்தாரு. நீ ஓட்டுற மாதிரி வண்டி படத்தைச் செல்லுல போட்டுக் காட்டுனாரு. காகித மில்லுல ஆள் வச்சு வெட்டுற மரம் லேட்டாகுதுன்னு சடைக்காகளாம், ஒரு வண்டி எடுக்கலாமான்னு யோசிக்கிறாராம். நம்ம கூட்டத்துல எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாக. விக்னேஸ்வரன்தான் முதல்ல வாயைத் திறந்தான்.

"மொதலாளி, அது வந்தா நாங்க வரப்புல நின்னு கை தட்டவா?"

எல்லாரும் சிரிச்சாக. மொதலாளியும் சிரிச்சாரு. "பட்டையும் அதுவே உரிச்சிருமா?"ன்னு நான் கேட்டேன். "அதுவே உரிச்சிரும்மா"ன்னாரு. பொறவு நான் சிரிக்கலை.

உன் அத்தான் மெஷின் செயினைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. காதுல விழுந்துச்சோ என்னமோ.

விக்னேஸ்வரன் மகளுக்கு வைகாசிக் கடைசியில காதுகுத்து. தாய்மாமன் இல்லாத பிள்ளை, மடியில வைக்க நீ இல்லையேன்னு அவன் பொண்டாட்டி சத்யப்பிரியா குறைபட்டா. அவளுக்கு அண்ணன் முறைக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?

உன் அக்கா,
மாரிக்கனி



பிந்துலு
14.4.2024

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

புது வருசத்துல எல்லாரும் நல்லா இருக்கணும். இங்க வருசப் பிறப்பு யாருக்கும் தெரியாது. சமையல்காரர் இந்தோனேசியாக்காரர், அவர்ட்ட சைகையில சொன்னேன். ஒரு கரண்டி சோறு கூட வச்சாரு.

இப்ப தனியா வண்டி எடுக்கிறேன். காலையில ஏறுனா இருட்டுனப் பொறவுதான் இறங்குறது. நடுவுல ஒருத்தரையும் பாக்க முடியாது. அடுத்த வண்டி எங்கயோ மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கும். வயர்லெஸ்ல சூப்பர்வைசர் மலாய்ல என்னமோ சொல்லுவாரு, "யெஸ்"ம்பேன்.

நாங்க படுக்கிறது நீளமான தகரக் கொட்டகை. ரெண்டு பக்கமும் வரிசையா கட்டில். இந்த வண்டிக வாரதுக்கு முந்தி அம்புட்டுக் கட்டில்லயும் ஆள் படுத்திருந்தாங்களாம், எல்லாம் கைமெஷின்ல வெட்டுன ஆளுங்க. இப்ப நாலே பேரு. மிச்சக் கட்டில்ல மெத்தையைச் சுருட்டி வச்சிருக்கு. ராத்திரி புரண்டு படுத்தா கொட்டகை பூரா கேக்குது.

இது சும்மா எழுதுனேன். நீ ஒண்ணும் நினைச்சுக்கிராத. வேலை சொகமான வேலைதான்.

விக்னேஸ்வரனுக்குத் தனியா ஒரு லெட்டர் போட்டேன், பதிலே இல்லை. காதுகுத்துக்கு என் பேர்ல நீயே சீர் செஞ்சிரு. பிள்ளை அழுதாளான்னு எழுது.

தம்பி,
மலைச்சாமி



வன்னியம்பட்டி
20.6.2024

தம்பிக்கு,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் இருக்கோம்.

பதில் எழுத நாளாயிருச்சு. வெயில் இந்த வருசம் தாங்க முடியலை. கண்மாய்ல தண்ணி இல்லை. நடுவுல எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தேன், இப்ப தேவலை. மேலத்தெருவுல புதுசா ரோடு போட்டிருக்காக. உன் ரேஷன் கார்டைப் புதுப்பிச்சு வச்சிருக்கேன்.

காதுகுத்து தள்ளிப் போச்சு. பொறவு பாத்துக்கிரலாம்னு இருக்காக.

அத்தான் கொஞ்ச நாளா வேலைக்குப் போகலை. கை சரியில்லைல்ல. டிராக்டர் நம்ம வீட்டுப் பக்கத்துலதான் நிக்குது.

நீ கவனமா இரு. வண்டியை விட்டு இறங்காத. மரத்துக்குக் கீழ நிக்காத.

அக்கா,
மாரிக்கனி



பிந்துலு
15.7.2024

அக்காவுக்கு,

நான் சுகம். உன் காய்ச்சல் நல்லா விட்டிருச்சா?

உன் லெட்டரைத் திரும்பத் திரும்பப் படிக்கேன். மேலத்தெரு ரோட்டைப் பத்தி எழுதுற ஆளா நீ? டிராக்டர் ஏன் நம்ம வீட்டுப் பக்கத்துல நிக்குது? அது வெட்டு நடக்கிற இடத்துலதானே கிடக்கும். அத்தானுக்குக் கை முடியலைன்னா தங்கமாடன் அண்ணன் மெஷின் பிடிப்பாரே. விக்னேஸ்வரன் வேலையை விட்டுட்டானா? அவன் பேரையே நீ எழுதலை. அத்தான்ட்ட அவனுக்குச் சண்டையா?

நான் பத்திரமா இருக்கேன், அதைப் பத்திக் கவலைப்படாத. போன வாரம் ஒரு மரம், உள்ள பொத்தலா இருந்திருக்கு, பிடிச்ச பிடியில ரெண்டா உடைஞ்சு தலைப்பக்கம் என் கூண்டு மேலயே விழுந்துச்சு. டம்முன்னு சத்தம். கண்ணாடியில ஒரு கீறல். கூண்டு பூரா இரும்புக் கம்பி, ஒண்ணும் ஆகலை. இறங்கிப் பாத்துட்டு, கை கழுவி சோறு தின்னுட்டுத் திரும்ப ஏறிட்டேன். நம்ம டிராக்டரா இருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சேன். அதுல தலைக்கு மேல ஒரு தகரம் கூட கிடையாது.

என்ன நடந்துச்சுன்னு மறைக்காம எழுது.

மலைச்சாமி



வன்னியம்பட்டி
7.8.2024

மலைச்சாமி,

ஊரு பூரா ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கு. நான் போகலை. வீட்டுல யாரும் இல்லாத நேரமாப் பாத்து எழுத உக்காந்தேன். நீயும் உக்காந்து படி.

விக்னேஸ்வரன் இல்லைப்பா. வைகாசி முதல் வாரத்துலயே போயிட்டான்.

சுந்தரபாண்டியத்துக்கு மேக்கால மலையடிவாரத்துல தைலமரம் வெட்டிக்கிட்டிருந்தோம். நானும் அங்கதான் பட்டை உரிச்சுக்கிட்டிருந்தேன். உன் அத்தான் ஒரு மரத்தை அறுத்தாக. அது கீழ விழாம பக்கத்து மரத்துக் கவட்டையில போய்ச் சாஞ்சு மாட்டிக்கிச்சு. நீ இருக்கும்போது அப்படி எத்தனை தரம் மாட்டியிருக்கு, எத்தனை தரம் டிராக்டர்ல கட்டி இழுத்திருக்க. அதே மாதிரிதான் இரும்புக் கயித்தைக் கட்டுனாக. அத்தான் அடுத்த மரத்தைச் சுத்திப் பாக்கப் போனாக. கையில மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"இழுக்கட்டுமா மாமா?"ன்னு விக்னேஸ்வரன் கேட்டிருக்கான். ரெண்டு தரம் கேட்டான்னு தங்கமாடன் அண்ணன் சொல்றாரு. அவியளுக்குக் கேக்கலை. வேற எதுக்கோ தலையை ஆட்டியிருக்காக. சரின்னுட்டாகன்னு நினைச்சு அவன் கிளட்சை விட்டுட்டான். மரம் நேரா வராம உருண்டு, சுத்தி, டிராக்டர் மேலயே வந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு வேலையே இல்லாமப் போச்சுப்பா. நான் அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

நான் ஏன் எழுதலைன்னு நீ கேப்ப. அது நீ உக்காந்திருந்த சீட்டு. எனக்குத் தெரியும் நீ என்ன நினைப்பன்னு. அங்க ஒத்தையில, அந்தக் கொட்டகையில கிடந்து நீ என்ன செய்வன்னு பயந்துட்டேன். நம்ம கூட்டத்துல எல்லார்ட்டயும் சொல்லி வச்சேன், அவனுக்கு யாரும் சொல்லாதீங்கன்னு. உன் லெட்டரை, விக்னேஸ்வரனுக்கு நீ போட்டதை, அவன் பதில் போடாம வச்சிருந்ததை, சத்யப்பிரியா என்ட்ட கொண்டாந்து குடுத்தா. "இதை நான் படிக்கணுமா அக்கா?"ன்னு கேட்டா. வேண்டாம்னு வாங்கி வச்சுக்கிட்டேன்.

அவ அம்மா வீட்டுல இருக்கா. பிள்ளை நடக்குது.

அத்தான் அன்னையில இருந்து மெஷினைத் தொடலை. பேச்சும் இல்லை. காது கேக்கலைன்னு நினைச்சுச் சத்தமாக் கூப்பிட்டா, கேட்டுட்டுத்தான் உக்காந்திருக்காக.

நீ திடமா இருக்கணும். அழுகை வந்தா அழுதுரு.

அக்கா



பிந்துலு
1.9.2024

அக்கா,

லெட்டர் கிடைச்சது. ஒரு நாள் வண்டி எடுக்கலை. சூப்பர்வைசர் வந்து கையை நெத்தியில வச்சுப் பாத்தாரு, காய்ச்சலான்னு. ஆமான்னு சொன்னேன்.

அத்தானை ஒண்ணும் சொல்லாத. சத்யப்பிரியாவுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியலை. நீ போய்ப் பாரு.

மலைச்சாமி



வன்னியம்பட்டி
10.12.2024

ஏலே மலைச்சாமி,

நீ எப்படிலே இருக்க? மூணு மாசமா ஒரு வரி இல்லை. ஏஜெண்டு ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஆள் வேலைக்குப் போறான், நல்லாத்தான் இருக்கான்னாங்க. நல்லா இருந்தா ஏன் எழுதலை? இங்க மழை பரவாயில்லை. எங்க உடம்பைக் கேக்காத, ஓடுது.

நீ எழுதாம விட்டதுல இன்னொண்ணும் இருக்கு. நேத்துதான் தெரிஞ்சது.

கூட்டத்து ஆளுக அத்தானைத் தேடி வந்திருந்தாக. இத்தனை மாசமா வேலையில்லாம ஆளுக்கு ஒரு பக்கம் கிடக்காகல்ல. "சமுத்திரம், மெஷினை எடு, இல்லைன்னா எங்ககிட்டயாச்சும் குடு"ன்னு தங்கமாடன் அண்ணன் கேட்டாரு. இவிய மாட்டேன்னு தலையை ஆட்டிட்டாக. "செத்தவன் செத்தான், இருக்கவன் சாகவா?"ன்னு அவரு கத்திக்கிட்டு இருக்கும்போதே சுயம்புலிங்கம் மொதலாளி கார் வந்து நின்னுச்சு.

மொதலாளி நேரா என்ட்ட வந்து, "உன் தம்பிட்ட நீயாவது சொல்லும்மா. வண்டி எடுக்க நான் ரெடி. ஓட்டத் தெரிஞ்ச ஆளு வேணும். பங்குனியில இருந்து மூணு தரம் கேட்டுட்டேன், டவுனுக்கு வரும்போதெல்லாம் பேசுறான், முடியாதுங்கான்"னாரு.

எனக்குத் தலை சுத்திருச்சு. பங்குனின்னா விக்னேஸ்வரன் இருக்கும்போதே. எங்ககிட்ட மூச்சு விட்டியாலே நீ?

"ஏன் முடியாதாம்?"னு கேட்டேன்.

"எங்க அத்தான் கூட்டத்தைக் கலைக்க என்னால ஆகாதுங்கான்."

இதை அத்தான் காதுகிட்டப் போய்ச் சத்தமாச் சொன்னேன். எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காக. அவிய எந்திரிச்சாக. "கலைஞ்சாத்தான் என்ன?"ன்னாக. ஏழு மாசத்துல நான் கேட்ட முதல் பேச்சு அது.

பொறவுதான் மொதலாளி சொன்னாரு. காரியம் முடிஞ்ச மறுநாளே இவிய பஸ் ஏறி ராஜபாளையம் போயி, அவர் டிப்போ வாசல்ல நின்னு, "அந்த வண்டியை வாங்குங்க. இனிமே ஒருத்தனும் மரத்தடியில நிக்க வேண்டாம்"னு கேட்டிருக்காக. "எவன் ஓட்டுவான்?"னு மொதலாளி கேட்டதுக்கு உன் பேரைச் சொல்லியிருக்காக. என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நீ அங்க இவியளுக்காக முடியாதுன்னுக்கிட்டு இருந்திருக்க. இவிய இங்க நீ வருவ வருவன்னு உக்காந்திருந்திருக்காக. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி சோறு தின்னியா, உடம்பு எப்படின்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

தங்கமாடன் அண்ணன் அத்தான் சட்டையைப் பிடிச்சிட்டாரு. "எங்களைக் காட்டிக் குடுத்துட்டியேலே"ன்னு. நான்தான் விலக்கி விட்டேன்.

கீழ இருக்கிறது அத்தான் கையெழுத்து. பேனா நிக்க மாட்டேங்குது, ரொம்ப நேரம் எழுதுனாக.

    மலைச்சாமி. வந்து வண்டியை ஓட்டு. சமுத்திரம்.

அக்கா,
மாரிக்கனி



பிந்துலு
5.1.2025

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மலைச்சாமி வணக்கத்தோட எழுதுறேன். கையை வெந்நியில முக்கி எடுங்க, குளிர் காத்துல உக்காராதீங்க.

வான்னு எழுதியிருக்கீங்க. உங்க பேச்சை நான் தட்டுனதில்லை. ஆனா நான் இங்க பாத்ததை உங்களுக்குச் சொல்லணும். அக்காவுக்கு முழுசா எழுதலை.

போன மாசம் எங்க சமையல்காரர் அந்தச் சுருட்டுன மெத்தைகளை எல்லாம் வெளிய எடுத்து எரிச்சாரு. இனிமே ஆள் வரமாட்டாங்கன்னு கம்பெனியில சொல்லிட்டாங்களாம். ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் நின்னு ஒரு பேர் சொன்னாரு. இவன் என் ஊரு, இவன் நல்லாப் பாடுவான், அப்படி. எனக்குப் பாஷை பாதிதான் தெரியும். பேருக மட்டும் புரிஞ்சுச்சு. அவுக வெட்டுற மரத்தையெல்லாம் இப்ப நான் வெட்டுறேன். அவுக எங்க போனாங்கன்னு கேட்டேன். கையை விரிச்சாரு.

நான் நம்ம ஊருக்கு வந்து அந்தச் சீட்டுல உக்காந்தா, தங்கமாடன் அண்ணன் எங்க போவாரு? அந்த வயசுல யாரு வேலை குடுப்பா? அக்கா கூடப் பட்டை உரிக்க வாரவுக எங்க போவாக? நாளைக்குத் தெருவுல அவுக என்னைப் பாத்தா நான் எந்தப் பக்கம் திரும்புறது? இங்கன்னா யாரையும் எனக்குத் தெரியாது. தெரியாதவுக வேலையை எடுத்துட்டுத் தூங்கிரலாம்னு நினைச்சேன். அதுவும் முடியலை.

இன்னொண்ணு. எனக்கு அலுத்துப் போச்சு அத்தான். உடம்பு நோவு இல்லை. பேசாம இருந்து இருந்து, ஒரு நாள் டவுன்ல தமிழ்க்காரர் கடையில டீ கேக்கும்போது குரல் வரலை. அவரு ஊமைன்னு நினைச்சு விரலைக் காட்டி எத்தனைன்னு கேட்டாரு.

மொதலாளி கேட்டதை உங்ககிட்ட மறைச்சது தப்பா சரியான்னு தெரியலை. சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான் விட்டேன்.

நீங்க யோசிச்சு எழுதுங்க.

உங்கள் மச்சினன்,
மலைச்சாமி



வன்னியம்பட்டி
2.2.2025

தம்பிக்கு,

நல்லா இரு. அத்தான் சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். நடுநடுவுல என் பேச்சும் வரும், பிரிச்சுப் படிச்சுக்க.

உன் லெட்டரை அவியளே கண்ணாடி போட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சாக. படிச்சு முடிச்சிட்டுச் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாக. பட்டனை நான் மாட்டுறதுக்குள்ள போயிட்டாக. தங்கமாடன் அண்ணன் வீடு, அடுத்து மத்த ரெண்டு பேரு வீடு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாக. பட்டை உரிக்கிற பொம்பளையாளுகளையும் நான் கூப்பிட்டேன். எங்களுக்கும்தானே வயிறு?

நல்ல சண்டை. நான் எழுதக் கூடாத வார்த்தையெல்லாம் வந்துச்சு. ஒருத்தன் சொன்னான், "உன் மச்சினன் சம்பாதிக்க எங்களை வெட்டி விடுற". இன்னொருத்தன் பாதியிலயே வந்த வழியே போயிட்டான். தங்கமாடன் அண்ணன் கடைசியாக் கேட்டாரு, "நாப்பது வருசமா எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். நான் என்னலே செய்யணும், சொல்லு". அவரு அழுதாரு, கோவத்துல.

அத்தான் என்ன சொன்னாகன்னு அப்படியே எழுதுறேன். "எனக்குத் தெரியலை அண்ணே. நீ என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலை. உனக்கு நான் கெடுதல்தான் செய்யிறேன், இல்லைன்னு சொல்லலை. நீ என்னைத் தெருவுல பாக்கும்போதெல்லாம் ஏசு. ஏசுறதுக்கு நீ இருக்கணும்ல."

அம்புட்டுதான். காப்பி போட்டுக் கொண்டாந்தேன். தங்கமாடன் அண்ணன் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாரு.

நான் ராஜபாளையத்துல நூல் மில்லுல கேட்டிருக்கேன். எங்களை மாதிரி வயசானவுகளையும் கழிவுப் பஞ்சு பிரிக்க எடுக்காகளாம், நாலு பேரு சேந்து போறோம். முடியுதா பாப்போம்.

இப்ப அத்தான் சொல்றதை எழுதுறேன். நீ எந்தப் பக்கம் திரும்புறதுன்னு கேட்டியாம். திரும்பாத, நேராப் பாத்து நட. ஏசுனா வாங்கிக்க. வேற எவனோ வெளியூர்க்காரன் வந்து ஓட்டுறதுக்கு நீ ஓட்டு. நீ ஓட்டுனா பக்கத்துல ஆள் நிக்கிறானான்னு பாத்து ஓட்டுவ.

இது என் பேச்சு. வந்துருப்பா. குரல் வரலைன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை.

அக்கா,
மாரிக்கனி



சுந்தரபாண்டியம்
21.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டுல சுகம்தானே? பக்கத்துல இருந்துக்கிட்டு லெட்டர் எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. போன்ல சொன்னா உங்களுக்குக் கேக்காது, அக்கா மில் ஷிப்ட்டுக்குப் போயிருக்கும். டீசல் கொண்டு வார பையன்ட்ட குடுத்து விடுறேன். வண்டியை விட்டுட்டு நான் வர முடியலை, இங்கனயேதான் படுக்கை.

நேத்து வேலை ஆரம்பிச்சோம். எந்தத் தோட்டம்னு உங்களுக்குத் தெரியும், விக்னேஸ்வரன் போன அதே தோட்டம். வேற இடத்துல முதல்ல போடுங்கன்னு மொதலாளிட்ட கேட்டேன். வெட்டு பாதியில நின்னு போச்சு, இதைத்தான் முதல்ல முடிக்கணும்னுட்டாரு.

வரப்புல நல்ல கூட்டம். வேடிக்கை பாக்க வந்தவுக பாதி, நம்ம ஆளுக பாதி. முதல் மரத்தைப் பிடிச்சு அறுத்துச் சாய்க்கும்போது தங்கமாடன் அண்ணன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாரு. ரெண்டாவது மரம் வரைக்கும் பாத்தாரு. பொறவு கீழ காறித் துப்பிட்டு நடந்துட்டாரு. நான் வண்டியை நிப்பாட்டி, "அண்ணே"ன்னு கூப்பிட்டேன். திரும்பலை. இப்ப செங்கச்சூளையில கல்லு அடுக்குறாராம், இடுப்பு முடியலைன்னு பக்கத்துல நின்னவன் சொன்னான். கேட்டுக்கிட்டேன்.

மத்தியானம் சத்யப்பிரியா வந்தா. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, ஒத்தையில. அவன் போன தோட்டத்துல அவ நிக்கதைப் பாத்ததும் வண்டியை ஆஃப் பண்ணிட்டு இறங்கினேன். நான் ஊருக்கு வந்து ரெண்டு தரம் அவ வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தவன். இது உங்களுக்குத் தெரியாது.

அவ நேரா வண்டிகிட்டப் போனா. கூண்டுக் கம்பியைப் பிடிச்சுப் பாத்தா. கண்ணாடியை விரல் மடக்கித் தட்டினா.

"இதுக்குள்ள இருந்தா மேல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதா அண்ணே?"

"ஆகாதும்மா."

"ம்."

பிள்ளை என் சட்டைப் பாக்கெட்டுல இருந்த டார்ச்சைப் புடுங்கப் பாத்துச்சு. குடுத்தேன். கடைசியில அவதான் கேட்டா, "சாப்ட்டியா?"ன்னு. இல்லைன்னேன். தூக்குவாளியை வண்டிப் படியில வச்சிட்டு, "பாத்திரத்தைப் பொறவு வந்து வாங்கிக்கிறேன்"னு போயிட்டா. புளிச்சோறும் துவையலும். உக்காந்து தின்னேன். அவன் வீட்டுச் சோறு அத்தான். எனக்கு வேற எப்படி எழுதுறதுன்னு தெரியலை.

இன்னைக்குச் சாயங்காலம் சமநிலம் பூரா முடிஞ்சிருச்சு. ஓடைக் கரைச் சரிவுல மட்டும் கொஞ்ச மரம் நிக்குது. பாறையும் குழியுமா இருக்கு, வண்டி இறங்காது, இறங்குனா கவுந்துரும். மொதலாளி வந்து பாத்தாரு. "இதை விட்டா மில்லுல எடை குறையும். சமுத்திரத்தைக் கூப்பிடு. ஒரு நாள் வேலைதான். பழைய மெஷின் வச்சிருக்காருல்ல, இளவட்டப் பய மாதிரி அறுத்துப் போட்டுருவாரு. நீ மேல இருந்து வண்டியால பிடிச்சுக்க"ன்னாரு.

அந்தச் சரிவை நான் நடந்து பாத்தேன். ஒவ்வொரு மரமும் ஓடைப் பக்கமா ஒருக்களிச்சு நிக்குது. காலை ஊனக் கூட இடமில்லை.

"அத்தான் ஊர்ல இல்லை மொதலாளி. திருச்செந்தூருக்குப் போயிருக்காக, வர ரெண்டு நாளாகும்"னு சொல்லிட்டேன். வண்டிக்கு நாளைக்கழிச்சு மகாராஜபுரத்துல வேலை இருக்கு, லாரி ஏறியாகணும். அதனால மரம் நிக்கட்டும்னு முனங்கிக்கிட்டே போயிட்டாரு.

அவரு தினம் போற வழி வன்னியம்பட்டி விலக்குதான். காரை நிறுத்தி டீ குடிப்பாரு. நீங்க ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் வந்துராதீங்க. அக்காட்டயும் சொல்லி வைங்க.

உங்கள்,
மலைச்சாமி